வழிப்போக்கனின் இரவு



சொந்த ஊரில் நாம் எத்தகைய மதிப்புடையவராக இருந்தாலும், பயணப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனையைக் கடந்துவிட்டால் நாம் முஸாபிர்தான். ஊரில் 'ஹஜ்ரத்' என்று அழைத்து எழுந்து நிற்போர் இருக்கலாம். அடுத்த ஊர் விடுதியின் மேசைக்கு முன் நிற்கும்போதோ, நாம் ஓர் அடையாள அட்டை, ஒரு முன்பணம், ஓர் அறை எண். அவ்வளவே. இதனை நான் நூல்களில் படித்து அறியவில்லை. 2019ஆம் ஆண்டு ஜனவரியில், நோயுற்ற என் தாயாருடன் வேலூரில் கழித்த இரண்டு இரவுகள் எனக்குக் கற்பித்தன.

விடுதியில் பட்ட துன்பத்தைச் சொல்லி அங்கலாய்ப்பது மட்டும் என் நோக்கமன்று. இதை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்வதற்குச் சற்றே வெட்கமாயிருக்கிறது. ஆயினும் முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காட்பாடியில் ஓர் அதிகாலை

என் தாயாருக்கு இதய வால்வில் கோளாறு. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். எங்கள் ஊர் மருத்துவர் வேலூருக்கு அழைத்துச் செல்லுமாறு கூறினார். ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர் 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை அங்கே பெரியதோர் ஆலமரமாக வளர்ந்து நிற்பதை நீங்கள் அறிவீர்கள். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், ஏன், வங்கதேசத்திலிருந்துகூட நோயாளிகள் அங்கு வருகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிகளின் பெயர்ப் பலகைகள் தமிழோடு வங்காள எழுத்திலும் காணப்படும். வாரக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறுவோர் தாங்களே சமைத்துக்கொள்வதற்காக அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். நோயாளிகளை நம்பியே வாழும் தெருக்கள் அவை.

நாங்கள் காட்பாடிச் சந்திப்பில் இறங்கியபோது விடியவில்லை; பனி கொட்டிக்கொண்டிருந்தது. தெரிந்தவர் ஒருவர் சொல்லியனுப்பிய விடுதியின் பெயரை ஆட்டோ ஓட்டுநரிடம் சொன்னேன். "அங்கே தண்ணீர்க் கஷ்டம் பாய். நமக்குத் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது, அம்மாவுக்கு வசதியாக இருக்கும்" என்றார். அவர் 'அம்மா' என்று சொன்ன பரிவில் நான் மயங்கிவிட்டேன். நம்மை அழைத்துச் செல்வதற்காக அவருக்கு விடுதியில் ஒரு தொகை கிடைக்கும் என்பதும், அத்தொகை நம் வாடகையிலேயே ஏறிவிடும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வாடகை நாளொன்றுக்கு எழுநூறு ரூபாய், முன்பணம் ஆயிரத்தைந்நூறு. "இருபத்து நான்கு மணி நேரக் கணக்குதானே?" என்று கேட்டேன். மேசையில் இருந்த இளைஞர் தலையசைத்தார். ரசீது கேட்டதற்குக் கணினி பழுது என்றார். மின்தூக்கியும் பழுது என்றார். அறையோ மூன்றாம் மாடி. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் இருட்டில், குளிரில், மூச்சுத் திணறும் தாயாரை வைத்துக்கொண்டு வேறெங்கே போவது? வழிப்போக்கனின் இந்தக் கையறு நிலைதான் இத்தகைய விடுதிகளின் மூலதனம்.

ஒவ்வொரு திருப்பத்திலும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து என் தாயார் மேலே ஏறினார். அறைக் கதவைத் திறந்ததும் ஈரச்சுவரின் வாடை முகத்தில் அடித்தது. படுக்கை விரிப்பு முன்னிரவில் வேறொருவர் உறங்கி எழுந்ததுபோல் கசங்கிக் கிடந்தது. சுவரில் மட்டும் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: 'தங்கள் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' அந்த அறையில் பளிச்சென்று இருந்தது அது ஒன்றுதான்.

பகல் முழுவதும் மருத்துவமனையில் வரிசை. இரவு விளக்கணைத்த அரை மணி நேரத்தில் மூட்டைப்பூச்சிகள் புறப்பட்டுவிட்டன. விளக்கைப் போட்டுப் பார்த்தால் தலையணை ஓரத்தில் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. கீழே சென்று சொன்னேன். "ஊரெல்லாம் இருக்கிறது பாய், இங்கே மட்டுமா?" என்று பதில் வந்தது. வேறு அறை இல்லையாம். என் தாயார் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தபடியே விடிய விடிய விழித்திருந்தார். நான் சினந்து பேசப் போனபோது, "வந்த இடத்தில் சத்தம் போடாதே தம்பி. நாளைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்" என்று தடுத்துவிட்டார்.

பின்னிரவில் கதவு தட்டப்பட்டது. அடுத்த அறையில் தங்கியிருந்த வங்காளப் பெண்மணி. கையில் வெண்சங்கு வளையல், நெற்றி வகிட்டில் குங்குமம். மால்டா மாவட்டத்திலிருந்து கணவரின் சிகிச்சைக்காக வந்து ஒரு மாதம் ஆகிவிட்டதென்று அறிந்தோம். எங்கள் அறையில் விளக்கெரிவதைக் கண்டு வந்திருக்கிறார். ஒரு சொல் தமிழ் தெரியாது. என் தாயாருக்கு ஒரு சொல் வங்காளம் தெரியாது. அடுப்பில் சூடாக்கிய வெந்நீரை ஒரு செம்பில் கொண்டுவந்து என் தாயாரின் பாதங்களில் ஊற்றி, தம்முடைய துண்டாலேயே துடைத்துவிட்டார். 'மாசிமா' என்று அழைத்தார். சின்னம்மா என்பது அதன் பொருளாம்.

கணக்குத் தீர்த்த விதம்

மறுநாள் காலை ஆறு மணி ஆவதற்கு முன்பே, அதாவது இருபத்து நான்கு மணி நேரம் நிறைவதற்குள், அறையைக் காலி செய்தேன். இளைஞர் இரண்டு நாள் வாடகை போட்டார். "நண்பகல் பன்னிரண்டுக்கு ஒரு நாள் முடிந்துவிடும், எழுதி வைத்திருக்கிறோமே" என்று தம் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவரைக் காட்டினார். வாளி உடைந்ததற்கு நூற்றைம்பது. அது முன்பே உடைந்த வாளி. வராத வெந்நீருக்கு நூறு. ஆயிரத்தைந்நூறு திரும்ப வர வேண்டிய இடத்தில் ஐந்நூற்றைம்பது கைக்கு வந்தது.

தொகை பெரிதன்று. ஆனால் அன்பர்களே, மருந்துக்கென்று எண்ணி முடிந்து கொண்டுவந்த பணத்தில் தொள்ளாயிரத்தைம்பது ரூபாய் என்பது சிறிதும் அன்று. என்னைப் போன்றவர்கள் ஊர் திரும்பிப் புலம்புவதோடு நின்றுவிடுகிறோம். சட்டம் நமக்குத் துணையாகவே இருக்கிறது என்பதைப் பலரும் அறிவதில்லை.

1867ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய அரசு வழிப்போக்கர் விடுதிகளுக்கென்று 'சராய் சட்டம்' ஒன்றை இயற்றியது. அறைகளையும் வடிகால்களையும் கிணற்றையும் தூய்மையாக வைத்திருக்க வேண்டும், காவலரை அமர்த்த வேண்டும், கட்டணப் பட்டியலைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று அது விதித்தது. நாங்கள் அந்த நாற்காலி இரவைக் கழிப்பதற்கு 152 ஆண்டுகளுக்கு முன்பே!

'நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற அறிவிப்பைப் பற்றியும் ஒரு சொல். 1998ஆம் ஆண்டில் டெல்லியின் பெரிய ஹோட்டல் ஒன்றில், ஊழியரிடம் சாவி ஒப்படைக்கப்பட்ட கார் ஒன்று களவு போயிற்று. சீட்டில் 'உரிமையாளரே பொறுப்பு' என்று அச்சிட்டிருந்ததை ஹோட்டல் காட்டியது. தன் பாதுகாப்பில் ஏற்றுக்கொண்ட பொருளைக் கவனக்குறைவால் இழந்துவிட்டு, அச்சிட்ட ஒரு வரியால் தப்பித்துக்கொள்ள இயலாது என்று உச்ச நீதிமன்றம் 14.11.2019 அன்று தீர்ப்பளித்தது. அமானிதம் என்று நாம் சொல்வதைத்தான் சட்டமும் வேறு சொற்களில் சொல்கிறது.

ஆகவே, பயணம் புறப்படும் சகோதர சகோதரிகள் சிலவற்றைக் கருத்தில் கொள்ளுங்கள். பணம் கொடுக்கும் முன் அறையைப் பாருங்கள். மெத்தையின் ஓரத் தையலைத் தூக்கிப் பாருங்கள், மூட்டைப்பூச்சி அங்கேதான் இருக்கும். குழாயைத் திறந்து பாருங்கள். நாள் கணக்கு நண்பகலுக்கா, இருபத்து நான்கு மணிக்கா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். உடைந்த பொருள் இருந்தால் நுழைந்தவுடனேயே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம்; ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

விடுதி நடத்துவோரின் குறையும் கேட்கப்பட வேண்டியதே. துண்டையும் விரிப்பையும் பையில் வைத்துக்கொண்டு போகிறவர்கள், சுவரில் துப்புகிறவர்கள், குழாயைத் திறந்து விட்டுவிட்டுக் கதவைப் பூட்டுகிறவர்கள் நம்மிலும் உண்டு. அதை மறுப்பதற்கில்லை.

ஒரு முதியவர் சொன்ன சொல்

இனி இரண்டாம் நாளுக்கு வருகிறேன். எங்கள் பைகளை அந்த வங்காளச் சகோதரி தம் அறையில் வைத்துக்கொண்டார். மாலையில் பரிசோதனைகள் முடிந்து, தரைத்தளத்தில் அறை உள்ள ஒரு விடுதியை விசாரித்துக்கொண்டு சென்றோம். தூய்மையான இடம். மேசையில் இருந்தவர் ஒரு முதியவர். கனிவாகவே பேசினார். பதிவேட்டைத் திறந்து என் பெயரை எழுதத் தொடங்கியவர், என் தாயாரை நிமிர்ந்து பார்த்தார். என் தாயார் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். உதடுகள் கறுத்திருந்தன.

முதியவர் பேனாவை மூடினார். "பாய், தவறாக நினைக்காதீர்கள். அம்மாவைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. இரவில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?"

வாசகர்களே, மூட்டைப்பூச்சியும் பொய்க்கணக்கும் எனக்குக் கோபத்தைத்தான் தந்தன. இந்தச் சொல் என்னை நிலைகுலையச் செய்துவிட்டது. ஏனென்றால், இதே சொல்லை, ஓரெழுத்தும் மாறாமல், நானே ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் பூட்டிய கதவு

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலை ஒட்டி முஸாபிர் அறை ஒன்று உண்டு. பினாங்கில் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், வழிப்போக்கர் தங்குவதற்கென்று அக்காலத்தில் கட்டி, சிறிது நிலத்தையும் அதற்காக வக்ஃப் செய்துவிட்டுப் போனார். என் இளமையில் அதில் அத்தர் வியாபாரிகளும், மிஸ்கீன்களும், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்களும் தங்கியதைக் கண்டிருக்கிறேன். பிற்காலத்தில் கந்தூரிக்கான தேக்சாக்களும், பந்தல் சாமான்களும், ஒலிபெருக்கிப் பெட்டிகளும் அந்த அறையில் குடியேறின. திறவுகோல் மதரஸா ஆசிரியனாகிய என்னிடம் இருந்தது.

2016ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு பெரியவர் வந்து நின்றார். நனைந்திருந்தார். ஓயாத இருமல். "இன்றிரவு மட்டும் தங்கிக்கொள்கிறேன் ஹஜ்ரத், சுபுஹுக்குப் பின் போய்விடுவேன்" என்றார். அறையில் சாமான்கள் கிடந்தன என்பது உண்மை. ஒதுக்கினால் ஒருவர் படுக்க இடம் கிடைக்கும் என்பதும் உண்மை. அவருடைய இருமலைக் கேட்டேன். காவல் நிலையம், ஜமாஅத் கூட்டம், நிர்வாகத்தின் கேள்விகள் எல்லாம் என் மனக்கண் முன் வந்தன. "இரவில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்று சொன்னேன். அதையும் கனிவாகத்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மழையில் இறங்கிப் போனார். பேருந்து நிறுத்தத்தின் கூரைக்குக் கீழ் ஒருவர் விடியும்வரை இருமிக்கொண்டிருந்ததாக மறுநாள் தேநீர்க் கடையில் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரை மதரஸாப் பிள்ளைகளுக்கு நான் விரல் விட்டு எண்ணக் கற்பிப்பவன். எட்டாவது விரல் 'இப்னுஸ் ஸபீல்', வழிப்போக்கன். அந்த ஆண்டும் கற்பித்தேன். பிள்ளைகள் பிழையின்றி ஒப்பித்தார்கள்.

இரண்டாம் இரவு

மால்டாவின் சகோதரிதான் எங்களுக்கு வழி காட்டினார். தம் ஊர்க்காரர்கள் தங்கும் ஒரு வீட்டைச் சைகையால் சொல்லி, கூடவே வந்து சேர்த்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சிறிய தரைத்தள அறை. நானூறு ரூபாய். விரிப்பு பழையது, ஆனால் துவைத்தது. வீட்டுக்காரப் பெண்மணியிடம் நான் முன்னதாகவே, "அம்மாவுக்கு இதய நோய், இரவில் சிரமப்படலாம்" என்று சொல்லிவிட்டேன். மறுபடியும் பேனா மூடப்படுவதைப் பார்க்க என்னால் இயலாது. அவர் என்னை வியப்போடு பார்த்தார். "நோயாளிக்கு விடத்தானே தம்பி அறை கட்டியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, இரவில் எழுப்ப வேண்டுமானால் எந்த ஜன்னலைத் தட்ட வேண்டும் என்று காட்டினார்.

அந்த இரவு என் தாயார் உறங்கினார். எனக்கு உறக்கம் வரவில்லை. 2016ஆம் ஆண்டு நிகழ்ச்சியை அதிகாலையில் அவரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அந்தப் பெரியவருக்கும் ஒரு மகன் இருந்திருப்பான்" என்றார்.

ஜமாஅத்தில் பேசியது

ஊர் திரும்பியதும் அறையை மீண்டும் திறக்க வேண்டுமென்று ஜமாஅத் கூட்டத்தில் கேட்டேன். காலம் கெட்டுக் கிடக்கிறது, யார் எவரென்று தெரியாமல் எப்படித் தங்கவைப்பது என்று எதிர்ப்பு வந்தது. கல்லூரியில் வரலாறு படித்தவனாகையால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

14ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரை வழியே பயணம் செய்த இப்னு பதூதா, அரை மைலுக்கு ஒரு மரவீடும், அமர்வதற்குத் திண்ணையும், குடிப்பதற்குக் கிணறும் இருந்ததை வியந்து எழுதியிருக்கிறார். 1540 முதல் 1545 வரை ஆட்சி செய்த ஷேர்ஷா, சாலைகள் நெடுக சராய்களை எழுப்பினார். முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் அவரவர் வழக்கப்படி தனித்தனி இடமும், வெந்நீரும் தண்ணீரும் கட்டிலும் உணவும் அங்கே அளிக்கப்பட்டதாக அப்பாஸ் கான் சர்வானி என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். நம் மதுரையில் ராணி மங்கம்மாளும், தஞ்சையில் மராட்டிய மன்னர்களும் சத்திரங்கள் கட்டினார்கள். அக்காலம் மட்டும் கெடாத காலமா? கொள்ளையர் இல்லையா? தொற்றுநோய் இல்லையா? வருகிறவன் யாரென்று தெரியாததனால்தானே அவன் வழிப்போக்கன்!

கூட்டம் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. இரண்டு மாதம் இழுத்தது. இறுதியில் முத்தவல்லி ஒரு நிபந்தனையுடன் இசைந்தார்: பதிவேடு வைக்க வேண்டும், அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், நோயுற்றவர் வந்தால் இரவில் வண்டி தருவதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நியாயமான நிபந்தனைகள். 'யார் பதில் சொல்வது' என்ற கேள்விக்கு ஒரு பெயரை எழுதிவைத்துவிட்டால் அது கேள்வியாக இருப்பதில்லை. வண்டி வைத்திருக்கும் இளைஞர்கள் மூவர் தங்கள் கைப்பேசி எண்களைச் சுவரில் எழுதினார்கள்.

தேக்சாக்கள் வேறிடம் சென்றன. இப்போது அங்கே இரண்டு கட்டில்கள், பாய்கள், ஒரு மின்விசிறி, குடிநீர்ப் பானை ஆகியவை இருக்கின்றன. கிப்லா திசையைக் குறித்திருக்கிறோம். முஸ்லிம் அல்லாதோரும் தங்கிச் சென்றிருக்கிறார்கள். விருந்தாளிக்கு மூன்று நாள் உபசரிப்பு என்பது நபிவழி காட்டும் வரையறையாதலால், மூன்று இரவு என்று எல்லை வைத்திருக்கிறோம். மெத்தையின் ஓரத் தையலை வாரந்தோறும் நானே தூக்கிப் பார்த்துவிடுகிறேன்.

எல்லாம் சுமுகமாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். தொடங்கிய முதல் மாதத்திலேயே தங்கிப் போன ஒருவர் புதிய போர்வையை எடுத்துச் சென்றுவிட்டார். 'பார்த்தீர்களா ஹஜ்ரத்?' என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்து வருந்தியபோது, "போர்வையைத்தானே எடுத்தான்? குளிருக்குத்தான் எடுத்திருப்பான்" என்று சொல்லி, என் தாயார் தம் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அல்லாஹ்வின் அருளால் சிகிச்சை பலனளித்து அவர் மேலும் இரண்டு ஆண்டுகள் எங்களுடன் இருந்தார். 2021ஆம் ஆண்டு வஃபாத்தானார். அந்தப் போர்வை இன்றும் முஸாபிர் அறையில் இருக்கிறது.

அன்பு வாசகர்களே! விடுதிக்காரர்கள் ஏமாற்றினால் கேளுங்கள். சட்டத்தைத் துணைக்கு அழையுங்கள். அது உங்கள் உரிமை. அதோடு, உங்கள் ஊர்ப் பள்ளிவாசலைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கேனும் ஒரு மூலையில், யாரோ ஒரு நல்லடியார் வழிப்போக்கருக்கென்று கட்டிவைத்த அறை ஒன்று சாமான்களுக்கு இடையில் பூட்டிக் கிடக்கலாம். அதன் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். என்னைப் போல் ஒருவரிடம் இருந்தால், அவருக்கு இந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுங்கள்.